பிளசரில் வீடு திரும்பிய அண்ணன்

பிரேக் தீய்ந்த வாடையைப் பற்றி மலைக்குப் போய் வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போடிமெட்டிலிருந்து லோடு லாரிக்குப் பின்னால் இறங்கினால் மூக்கில் வந்து ஏறும். அன்று அந்த வாடை எங்கள் காரிலிருந்தே வந்தது.

மலைப்பாதையில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தோம். ஒரு வளைவில் பாறையை ஒட்டிக் காரை நிறுத்தினார் என் வீட்டுக்காரர். இறங்கிப் போய் ஒரு கல்லைத் தூக்கி வந்து முன்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். பின்சீட்டில் நான். என் மடியில் அண்ணன் தலை. ஜன்னல் வழியாகக் கீழே போடி முழுக்கத் தெரிந்தது. அதற்குத் தெற்கே தள்ளி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் சிலமலை. அண்ணன் போய்ச் சேர வேண்டிய வீடு அங்கேதான் இருந்தது.

"ஆறட்டும்," என்றார் வீட்டுக்காரர். "ஆறாம இறக்குனா மூணு பேரும் ஒண்ணாப் போயிருவோம் டீச்சர்."

ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அவருக்கு நான் டீச்சர்தான். கேலிக்கு ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. அன்று அதில் கேலி இல்லை.

சாகக் கிடக்கிற அண்ணனை மடியில் போட்டுக்கொண்டு, காருக்குச் சூடு ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்த கதை இது. போன வாரம் பள்ளிக்கூட ஆய்வகத்தில் நடந்த கூத்தை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "இப்படியே சிரிக்கச் சிரிக்க எழுதுங்கள்" என்று சொல்லியனுப்பியிருந்தார். மன்னிக்கணும் அம்மா. இந்த வாரம் சிரிப்பு கம்மி. வேண்டுமானால் பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடுங்கள்.

பேரு என்னவோ பிளசர்

எங்கள் பக்கத்தில் வயசாளிகள் இன்றைக்கும் காரை பிளசர் என்றுதான் சொல்வார்கள். மூட்டை ஏற்றினால் லாரி, சனத்தை ஏற்றினால் பஸ்சு, ஏலக்காட்டுக்கு ஆள் ஏற்றினால் ஜீப்பு. ஒரு சோலியும் இல்லாமல் சொகுசாகப் போய் வந்தால் அது பிளசர். வெள்ளைக்காரன் விட்டுப்போன வார்த்தை. சந்தோஷம் என்று அர்த்தம். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது அப்பா உயிரோடு இல்லை.

மேற்கு மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து அப்பா வாங்கிய கார் அது. கரும்பச்சை நிறம். முன்சீட்டும் பின்சீட்டும் பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே. திரும்பும்போது சிக்னலுக்காகக் கதவோரத்திலிருந்து மஞ்சளாக ஒரு கை வெளியே நீளும். நீண்ட கை தானாக மடங்காது. ஜன்னல் வழியாகத் தட்டி உள்ளே தள்ள வேண்டும். சின்ன வயதில் அந்த உத்தியோகம் எனக்குத்தான்.

அப்பா போன பிறகு வருஷக்கணக்காக அது கொட்டகையில் கிடந்தது. கோழி முட்டையிட்டது. எலி சீட்டைத் தின்றது. அண்ணன் தோட்ட வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்ட பிறகு அதைத் தூக்கி நிறுத்த ஆரம்பித்தார். மதுரைக்கு ஒரு ஆணிக்குப் போவார், கோயமுத்தூருக்கு ஒரு ரப்பர் வளையத்துக்குப் போவார். சிலமலையில் எல்லோரும் மருந்துக்கடைக்கும் வங்கிக்கும் போடிக்குப் போனால், அண்ணன் மட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போனார்.

மதினி, அதாவது அண்ணன் மனைவி, அந்தக் காரைச் சக்களத்தி என்றுதான் சொல்வார்.

"ஒங்கண்ணனுக்கு ரெண்டு பொண்டாட்டி பாப்பா. ஒருத்திக்குச் சோறு போட்டாப் போதும். இன்னொருத்திக்குப் பெட்ரோலு, ஆயிலு, பவுடரு, பூச்சு."

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. அண்ணனுக்கும் மதினிக்கும் நான் இன்னும் பாப்பா. கார் ஓட ஆரம்பித்த பிறகும் மதினி அதில் ஏறவில்லை. அண்ணன் அதில் போடி போனால், மதினி டவுன் பஸ்சில் போவார். ஒரே நேரத்துக்குப் புறப்பட்டாலும் பஸ்சுதான் முதலில் போய்ச் சேரும். அதில் மதினிக்கு ஒரு பெருமை.

மேற்குக் கடல்

அப்பா அந்தக் காரில் ஒரு கோடையில் மலையேறி, கேரளத்தைக் கடந்து, மேற்குக் கடல் வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். சூரியன் தண்ணிக்குள் இறங்குவதைப் பார்த்தேன் என்பார். எங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால்தான் இறங்கும். தண்ணிக்குள் இறங்கினால் சத்தம் கேட்குமா என்று அண்ணன் கேட்டாராம்.

அந்தப் பயணத்தை அதே காரில் போக வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. சமீபத்திய ஒரு சித்திரையில் புறப்பட்டோம். அண்ணன், என் வீட்டுக்காரர், நான். மதினியையும் கூப்பிட்டோம்.

"மாட்டை யாரு பாக்குறது? நீங்க போங்க. அவளும் அவருமா ஒரு தடவ ஊரு சுத்திட்டு வரட்டும்," என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார்.

மலை ஏறினால் குளிரும் என்று கம்பளி எல்லாம் எடுத்துப்போனோம். அந்த வருஷம் மலையிலும் அனல். சாலையின் இரண்டு பக்கமும் ஏலச்செடி காய்ந்து வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடந்தது. நிழலுக்குப் பச்சை வலை கட்டியிருந்தவர்களின் செடியும் சுருண்டிருந்தது. குட்டையெல்லாம் வெடித்துப்போய், தண்ணி லாரிகள் எங்களுக்கு முன்னால் முக்கி முக்கி மலையேறின. அண்ணனுக்கும் மேலே கொஞ்சம் ஏலக்காடு உண்டு. அங்கே நிறுத்தி இறங்கிப் பார்த்தார். ஒரு செடியைப் பிடித்து இழுத்தார், வேரோடு கையில் வந்தது. திரும்பி வந்து காரை எடுத்தார்.

சூட்டில் காரும் மக்கர் செய்தது. பெட்ரோல் பம்பு கொதித்து, பெட்ரோல் ஆவியாகி, நடுரோட்டில் நின்றுவிடும். அண்ணன் துணியை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டு, காய்ச்சல்காரக் குழந்தைக்குப் பத்துப் போட்ட மாதிரி பக்கத்திலேயே நிற்பார். அதற்குள் ஒரு கூட்டம் கூடிவிடும். காரோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எல்லாப் படத்திலும் நிற்பார். அந்தச் சிரிப்பை இப்போது யார் யார் செல்போனிலோ தேடித்தான் பார்க்க வேண்டும்.

கடலுக்குப் போனோம். சாயங்காலம் சூரியன் இறங்கியது. அண்ணன் முழங்கால் தண்ணியில் நின்று கடைசிவரைக்கும் பார்த்தார்.

"சத்தம் கேக்கல பாப்பா," என்றார்.

அன்று ராத்திரி நெஞ்சு கரிக்கிறது என்று சோடா வாங்கிக் குடித்தார்.

வாய்வு

எங்கள் ஊர் ஆண்களைக் கொல்வது மாரடைப்பு இல்லை, வாய்வு என்கிற வார்த்தைதான். நெஞ்சு வலித்தால் வாய்வு. தோள்பட்டை இழுத்தால் வாய்வு பிடிச்சிருக்கு. வேர்த்துக் கொட்டினால் வாய்வு வெளிய வரமாட்டேங்குது. சோடா, ஓமத்தண்ணி, பெருங்காயம், வெறும் வயிற்றில் பூண்டு. இதிலெல்லாம் ஒரு ஏப்பம் வந்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொண்டதாகக் கணக்கு. அண்ணன் படித்தவர்தான். நான் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஆனாலும் அண்ணன் ஏப்பம் விட்டதும் எனக்கும் மனசு லேசானது. அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

திரும்பி வரும்போது பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை முன்னால் காரை நிறுத்தினார். "மாப்ளே, நீங்க கொஞ்சம் ஓட்டுங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சாவியை நீட்டினார். அந்தக் காரின் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. உதடு நிறம் மாறியிருந்தது.

பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே இருந்த டாக்டர் இளவயசுக்காரர், மலையாளி. நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்தார், ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். என்னை வெளியே கூப்பிட்டார்.

"சேச்சி, இவிட ஒண்ணும் செய்யான் பற்றில்ல," என்றவர், எனக்குப் புரிய வேண்டுமே என்று தமிழுக்கு மாறினார். "இங்க ஒண்ணும் செய்ய முடியாது. பெரிய ஆஸ்பத்திரி மேற்க இருக்கு. ஆம்புலன்ஸ்ல அனுப்பலாம். ரொம்பத் தூரம். போய்ச் சேருவாரான்னு சொல்ல முடியாது. சேந்தாலும் சொல்ல முடியாது."

"கிழக்கே? எங்க ஊருக்கு?"

"மலை இறங்கணும். இந்த ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் வராது. வீட்டுக்குத்தான்னா... நீங்கதான் தீருமானிக்கணும்."

என் வீட்டுக்காரர் மேற்கே போவோம் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் உள்ளே போனேன். அண்ணன் மூக்கிலிருந்த மூடியைத் தானே விலக்கினார்.

"பாப்பா. வீட்டுக்கு."

"பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்ணே. சரியாயிரும்."

"அப்பாவ மாதிரி என்னைய மந்தையில போட்றாத."

மந்தையில் கிடந்த அப்பா

இதைச் சொல்லாவிட்டால் அடுத்து நாங்கள் செய்தது உங்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். வெளியே உயிர் போனவரை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஊருக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. ஊர் முகப்பில் இருக்கிற பொட்டலான மந்தையோடு நிறுத்தி, அங்கேயே எல்லாச் சடங்கும் முடித்து, அப்படியே எடுத்துவிடுவார்கள். அதனால்தான் எங்கள் பக்கத்தில் டாக்டர் கையை விரித்துவிட்டால், உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஆளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ஓடிவருவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது கொடுமையாகத் தெரியும். எங்களுக்கு அது கடைசி மரியாதை.

அப்பா மதுரையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். வேனில் கொண்டுவந்தோம். மந்தையில் பங்காளிகள் மறித்தார்கள். மறித்தவர் அப்பாவுக்கு அண்ணன் முறை, கூடப் பிறந்தவர் மாதிரி பழகினவர். அழுதுகொண்டேதான் மறித்தார். அப்பாவைப் புளியமரத்தடியில் பெஞ்சில் கிடத்தினார்கள். அப்பா அந்த வருஷம்தான் வீட்டை இடித்துப் புதுசாகக் கட்டியிருந்தார். அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட நிலைப்படி மந்தையிலிருந்து பார்த்தால் தெரியும். அம்மா அந்தப் படியிலிருந்து மந்தைக்குத் தலைவிரி கோலமாக ஓடிவந்தது என் கண்ணிலேயே நிற்கிறது.

அண்ணனுக்கு அப்போது மீசை முளைத்த வயசு. "எங்கப்பா கட்டுன வீட்டுக்குள்ள எங்கப்பா வரக் கூடாதா?" என்று கத்தினார். வெயில் நகர நகர, பெஞ்சையும் நிழலுக்கு நகர்த்தினார்கள். அப்பா மேல் ஈ உட்காராமல் அண்ணன் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார்.

தீட்டு, காத்துக் கருப்பு இதிலெல்லாம் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. வகுப்பில் இதையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில், அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு மந்தை என்று சொன்னபோது, எனக்கு என் அறிவியல் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

"வீட்டுக்குப் போவோம்ணே," என்றேன்.

ஸ்டாண்டில் நின்ற ஜீப்புக்காரர்களைக் கேட்டோம். ஆளைப் பார்த்ததும் தயங்கினார்கள். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் செக்போஸ்டில் யார் பதில் சொல்வது என்றார் ஒருவர். நியாயம்தான். எங்கள் காரின் பின்சீட்டில் ஆள் நீட்டிப் படுக்கலாம். மதினிக்குப் போன் போட்டேன்.

"கூட்டிட்டு வர்றோம் மதினி," என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"உசுரோட கொண்டா பாப்பா," என்றார் மதினி.

இறக்கம்

போடிமெட்டைத் தாண்டும்வரைக்கும் அண்ணன் நினைவோடு இருந்தார். இறக்கம் ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தபடியே வந்தார். அவர் மேல் குற்றமில்லை. இன்றைய கார் ஓட்டிப் பழகிய கால் அது. மடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"கியர்ல விடுங்க மாப்ளே. பிரேக்க மிதிக்காதீங்க. அவ சூடானா நிக்க மாட்டா."

அவளாம். மதினி சொன்னது சரிதான் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு அது தோன்றியது.

அடுத்தடுத்த வளைவுகளில் அண்ணன் பேச்சு நின்றது. மூச்சு மட்டும் பெரிசாகக் கேட்டது. ஒரு வளைவில் பிரேக் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் கியரை இழுத்துப் போட்டு, கைப்பிரேக்கையும் பிடித்து, பாறைப் பக்கமாக ஒதுக்கினார். இன்ஜினை அணைத்தார். முதலில் சொன்னேனே, அந்த இடம் இதுதான்.

இன்ஜின் சத்தம் நின்றதும் ஒரே அமைதி. காய்ந்த காட்டில் சில்வண்டு கூடக் கத்தவில்லை. அண்ணன் கண்ணைத் திறந்தார். வண்டி நின்றுவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"வந்துருச்சா?" என்றார்.

கீழே சிலமலை தெரிந்தது. வெயிலில் ஒரு தகரக் கூரை பளபளத்தது. கையை நீட்டினால் தொடலாம் என்கிற மாதிரி இருந்தது, போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும்.

"வந்துருச்சுண்ணே," என்றேன். "வாசல்ல நிக்கிறோம்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் நெஞ்சில் கையை வைத்திருந்தேன். அது ஏறி இறங்கியது. இன்னும் ஒரு தடவை ஏறி இறங்கியது. அப்புறம் என் கைக்கடியில் ஒன்றும் நகரவில்லை. நான் கையை எடுக்கவில்லை. வெளியே என் வீட்டுக்காரர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டிருந்தார்.

ஏலக்காட்டு ஜீப்பு ஒன்று இறங்கி வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. வேலை முடிந்து போடி திரும்பும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னண்ணே, மேலுக்கு முடியலையா? இதுல ஏத்தி விடுங்க, வெரசாப் போயிரலாம்," என்றார் டிரைவர். பெண்கள் அதற்குள் இறங்கி நிற்கத் தயாராகிவிட்டார்கள்.

கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? அந்த டிரைவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்வது. பாவம், அவர் என்ன செய்வார்.

"வேணாம்யா," என்றேன். "தூங்குறாரு."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. ஜீப்பு போன பிறகு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தலையை நல்லாப் புடிச்சுக்க," என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை.

உசுரு இருக்கா?

மலையடிவாரத்தில் முந்தல் செக்போஸ்ட். குனிந்து பார்த்த ஆளிடம் மயக்கம் என்றேன். கம்பைத் தூக்கிவிட்டார். தூக்கியவர், "வண்டி அருமையா இருக்கே சார், எந்தக் காலத்து வண்டி?" என்றார்.

போடிக்குள் நெரிசல். பக்கத்தில் பைக்கில் நின்ற ஒரு இளவட்டம் காரைப் படம் எடுத்துவிட்டு எனக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அண்ணன் முகத்துக்குத் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தேன். செத்தவருக்கு யாரும் விசிற மாட்டார்கள், அதனால் விசிறினேன். அப்புறம் அப்பாவுக்கு அண்ணன் விசிறியது நினைவு வந்து கை ஓய்ந்துபோனது. மறுபடியும் விசிறினேன்.

சிலமலை மந்தையில் கூட்டம் நின்றது. கார் நின்றதும் பெரியண்ணன் முன்னால் வந்தார். பங்காளி. அன்று அப்பாவை மறித்தவரின் மகன். இப்போது அவருக்கு எண்பதை ஒட்டிய வயசு. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டார்.

"பாப்பா. உசுரு இருக்கா?"

இந்தக் கேள்வியை மலையிலிருந்து இறங்கிய நேரமெல்லாம் நான் எதிர்பார்த்துக்கொண்டேதான் வந்தேன். புளியமரம் அவருக்குப் பின்னால் நின்றது. அடியில் யாரோ ஏற்கனவே ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்தப் பெஞ்சைப் பார்த்ததும் எனக்கு அழுகை போய் ஆங்காரம் வந்தது.

"இருக்கு," என்றேன். ஊருக்கே கேட்கிற மாதிரி.

பெரியண்ணன் அண்ணனைப் பார்த்தார். எத்தனை சாவு பார்த்த கண் அது, தெரியாமலா இருக்கும்? கொஞ்ச நேரம் ஜன்னலை விடவில்லை. பிறகு கையை எடுத்தார்.

"அப்பறம் என்ன வேடிக்கை? வெரசா வீட்டுக்குள்ள கொண்டு போங்கப்பா," என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

நடுவீட்டில் கிடத்தினார்கள். மதினி டம்ளரில் பாலோடு வந்தார். குனிந்து அண்ணன் கன்னத்தைத் தொட்டார். தொட்ட கை அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுற்றிலும் ஆட்கள். வாசல் வரைக்கும் ஆட்கள்.

மதினி கரண்டியில் பாலெடுத்து அண்ணன் வாயில் ஊற்றினார். பால் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்தது. அதை முந்தானையால் துடைத்தார். இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் வழிந்தது, அதையும் துடைத்தார்.

"குடிச்சிட்டாரு," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு வாய் குடிச்சிட்டாரு."

டம்ளரைத் தரையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் அழ ஆரம்பித்தார். அண்ணன் உயிர் வீட்டில் வைத்துத்தான் போனது என்று ஊர் எழுதிக்கொண்டது. இன்றுவரை யாரும் அதை மாற்றிப் பேசவில்லை.

கொட்டகையில்

அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தான். காரியம் முடிந்து புறப்படும் முன், "அத்தை, மேற்க கொண்டு போயிருந்தா அப்பா பொழச்சிருப்பாரா?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். தெரியலடா என்றேன். அது உண்மை. அண்ணன் கேட்டதைச் செய்தேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சமாதானம் ஆகிற நாளும் உண்டு, ஆகாத நாளும் உண்டு. என் வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மலைப்பாதையில் கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டார்.

மாதம் சில கழிந்து, மழை விழ ஆரம்பித்த சமயம் நான் சிலமலைக்குப் போயிருந்தேன். மதினியை வீட்டில் காணவில்லை. கொட்டகையில் சத்தம் கேட்டது. காரின் பின்கதவு திறந்திருந்தது. மதினி உள்ளே உட்கார்ந்திருந்தார். மதினியை அந்தக் காருக்குள் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வா," என்றார். நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தகரத்தில் மழை சடசடத்தது.

"தல எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"இந்தப் பக்கம். எம் மடியில."

"எந்த வளைவுல போச்சு?"

சொன்னேன். மதினி சீட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். அந்த வளைவிலிருந்து நம்ம ஊர் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். வலி இருந்ததா என்றார். கடைசியில் இல்லை என்றேன். அதுவரைக்கும் உண்மைதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னையக் கேட்டாரா பாப்பா?"

கேட்கவில்லை. அண்ணன் வழியெல்லாம் பேசியது பிரேக்கைப் பற்றி. கடைசியாகக் கேட்டது வீடு வந்துவிட்டதா என்று. ஆனால் மதினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிக்கொண்டு வந்து, சமைத்துப் போட்டு, சக்களத்தி என்று ஒரு தகரத்தோடு சண்டை போட்டே காலத்தைக் கழித்த மனுஷி. அவரிடம் எப்படி இல்லை என்பது?

"கேட்டாரு மதினி."

"என்னன்னு?"

"'பொன்னுத்தாயி எங்க?'ன்னு கேட்டாரு."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் மதினியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து "இந்தா", "ஏத்தா". கோபம் வந்தால் "அடியே". நாலு பேர் முன்னால் என்றால் "வீட்ல". நல்லதிலும் கெட்டதிலும் அந்தப் பேர் அண்ணன் வாயிலிருந்து வந்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கே தெரியும் என்றால் மதினிக்குத் தெரியாதா?

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மதினி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லு பாப்பா," என்றார்.

சொன்னேன்.